குடை உங்களைத் தொலைத்துவிட்டது: பகடிச் சதிக்கோட்பாடு எழுதப் பழகுவோருக்கு

பறவைகள் என்று எதுவும் இப்போது இல்லை. அமெரிக்க அரசு 1959இல் தொடங்கி 2001க்குள் 1,200 கோடிப் பறவைகளைக் கொன்றுவிட்டு, அவற்றின் இடத்தில் உளவு ட்ரோன்களைப் பறக்கவிட்டிருக்கிறது. மின்கம்பியில் அவை வரிசையாக உட்காருவது சார்ஜ் ஏற்றிக்கொள்ளத்தான். கார் மேல் எச்சமிடுவது அந்தக் காரைப் பின்தொடர அடையாளம் வைப்பதற்கு.

முகத்தில் சிரிப்பே இல்லாமல் இதை ஒருவர் நான்கு வருடங்களுக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பீட்டர் மெக்கிண்டோ என்கிற அமெரிக்க இளைஞர். 2017 ஜனவரியில் மெம்ஃபிஸ் நகரில் ஓர் ஊர்வலம் நடந்தபோது, ஓர் அட்டையில் 'பறவைகள் நிஜமல்ல' என்று எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றதில் ஆரம்பித்தது. யாரோ படம் பிடித்துப் பரப்ப, அப்புறம் டி-ஷர்ட், விளம்பரப் பலகை, வேன் என்று வளர்ந்தது. நீலக் குருவியைச் சின்னமாக வைத்திருந்த ட்விட்டரின் சான் பிரான்சிஸ்கோ தலைமையகத்துக்கு முன்னால் போய், சின்னத்தை மாற்றச் சொல்லி ஆர்ப்பாட்டம்கூடச் செய்தார்கள். 2021 டிசம்பரில்தான் நியூயார்க் டைம்ஸ் நாளிதழிடம், எல்லாம் கேலிதான் என்று மெக்கிண்டோ ஒப்புக்கொண்டார்.

இந்த வகை நகைச்சுவையைப் பகடிச் சதிக்கோட்பாடு என்று வைத்துக்கொள்வோம். வெறும் புளுகு அல்ல இது. புளுகுபவர் நாம் நம்ப வேண்டும் என்று நினைக்கிறார். பகடி எழுதுபவரோ, நாம் நம்பாமல், ஆனால் நம்புகிறவர்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படியே பேசிப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று நினைக்கிறார். இங்கே கேலிக்கு ஆளாவது பறவையும் இல்லை, அரசும் இல்லை. 'எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கை இருக்கிறது' என்று வாதாடும் அந்த முறைதான் ஆளாகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் படிகளில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்

எழுதுவதற்கு முன் நன்றாக ஓடிய ஒன்றை எடுத்து, கடிகாரத்தைப் பிரிப்பது போலப் பிரித்துப் பார்ப்பது நல்லது. என்னைக் கேட்டால் ஜெர்மனியின் பீலஃபெல்ட் நகரம்தான் இந்தத் துறையின் பாடப்புத்தகம்.

பீலஃபெல்ட் என்று ஓர் ஊரே இல்லை என்பதுதான் அந்தக் கோட்பாடு. ஊர் நன்றாகவே இருக்கிறது. 1214இல் தோன்றியது, மூன்று லட்சத்துக்கும் மேல் மக்கள், பல்கலைக்கழகம், ரயில் நிலையம் எல்லாம் உண்டு. கீல் நகரில் படித்துக்கொண்டிருந்த ஆக்கிம் ஹெல்ட் என்ற மாணவர் 1994 மே 16ஆம் தேதி இணையத்தின் உரையாடல் குழு ஒன்றில் இதை எழுதினார். அதற்கு முன்பு ஒரு விருந்தில் யாரோ 'நான் பீலஃபெல்டிலிருந்து வருகிறேன்' என்று சொல்ல, இன்னொருவர் ஜெர்மன் மொழி வழக்கில் 'அப்படி ஒன்று கிடையவே கிடையாதே!' என்று வியந்திருக்கிறார். நாம் 'அட, நம்பவே முடியலையே' என்போமே, அந்த மாதிரி. அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டதில்தான் விதை விழுந்தது.

இந்தக் கோட்பாட்டை யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. மூன்று கேள்வி கேட்டால் போதும். உங்களுக்கு பீலஃபெல்ட்காரர் யாரையாவது தெரியுமா? நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா? போய் வந்த யாரையாவது தெரியுமா? முதல் இரண்டுக்கு 'இல்லை' என்று சொல்லும்போதே நமக்கு லேசாகச் சந்தேகம் வந்துவிடுகிறது. எந்த நடுத்தர ஊரைப் பற்றிக் கேட்டாலும் பெரும்பாலானவர்கள் இதே பதிலைத்தான் சொல்வார்கள். அது அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. மூன்றாவது கேள்விக்கு யாராவது 'ஆமாம், என் அத்தை மகன் அங்கே போய் வந்திருக்கிறான்' என்றால்? சரி, அப்படியானால் உங்கள் அத்தை மகனும் அவர்கள் ஆள்தான். கதவு மூடிவிட்டது, இனி வெளியே போக வழியில்லை.

'அவர்கள்' யார்? ஹெல்ட் சொல்லவே இல்லை. பெரிய எழுத்தில் 'அவர்கள்' என்று மட்டும் போட்டார். உளவுத்துறையா, வேற்றுக்கிரகத்தாரா என்பதை ஆளுக்கு ஆள் அவரவர் விருப்பப்படி நிரப்பிக்கொண்டார்கள்.

அந்த ஊர்க்காரர்கள் இதை எடுத்துக்கொண்ட விதம் இன்னும் சுவாரசியம். 1999இல் நகர நிர்வாகம் 'பீலஃபெல்ட் இருக்கத்தான் செய்கிறது' என்று அறிக்கை விட்டது. வெளியான தேதி ஏப்ரல் 1. யார் நம்புவார்கள்? 2012இல் அப்போதைய ஜெர்மன் பிரதமர் அங்கேலா மெர்க்கல் அங்கே நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசும்போது, அந்த ஊர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், என்று இடையில் ஒரு கொக்கி போட்டார். 2019இல், கோட்பாட்டுக்கு 25 வயது ஆனபோது, பீலஃபெல்ட் இல்லை என்று மறுக்க முடியாதபடி நிரூபிப்பவருக்கு 10 லட்சம் யூரோ பரிசு என்று நகரம் அறிவித்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நிரூபணம் அனுப்பினார்கள். பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை. கடைசியில் 600 கிலோ எடையுள்ள ஒரு கல்லை நினைவுச் சின்னமாக நட்டு, கதை முடிந்தது என்று நகரம் அறிவித்தது. முடிந்திருக்குமா என்ன? கல் நட்டதே அவர்களுடைய வேலை என்பார்களே.

இத்தாலியில் மொலிசே என்ற பிராந்தியத்துக்கும் இதே கேலி உண்டு. 1963இல்தான் அது பக்கத்துப் பிராந்தியத்திலிருந்து தனியாகப் பிரிந்தது. பின்லாந்து இல்லை என்றும் ஒரு கூட்டம் இணையத்தில் சொல்லிச் சிரிக்கிறது. ஜப்பானும் ரஷ்யாவும் கூட்டுச் சேர்ந்து பால்டிக் கடலில் சட்டத்துக்குத் தெரியாமல் மீன் பிடிப்பதற்காக, அங்கே நிலம் இருப்பதாக வரைபடத்தில் வரைந்து வைத்திருக்கிறார்களாம். சாட்சி? ஆங்கிலத்தில் மீன் துடுப்புக்கு 'ஃபின்' என்று பெயர். வேறென்ன வேண்டும்.

பொய்யைத் தேர்ந்தெடுப்பது

புதிதாக எழுத வருபவர்கள் சறுக்கும் இடம் இது. பொய் சிறியதாக இருந்தால் பிடிபடாது என்று நினைத்து, நடக்கக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பகடிக்கு அது விஷம். உங்கள் பொய் ஜன்னலைத் திறந்து பார்த்தால் உடைந்துபோகும் அளவுக்குப் பெரியதாக இருக்க வேண்டும். பறவை ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறது. பீலஃபெல்டுக்கு ரயில் டிக்கெட் விற்கிறார்கள். உடையக்கூடிய பொய்யை உடைய விடாமல் ஒருவர் முட்டுக்கொடுக்கும் அழகில்தான் சிரிப்பு இருக்கிறது.

நான் முதன்முதலில் எழுதியது மாத்திரைகளின் நிறத்தைப் பற்றி. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ரகசிய அர்த்தம் இருப்பதாக, ரொம்ப சாமர்த்தியமாக எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்துப் பெரியம்மா போன் செய்தார். "ஏம்பா, அந்த ரோஸ் கலர் மாத்திரையை நான் நிறுத்திடட்டுமா?" அன்றைக்கே அழித்துவிட்டேன். நோய், மருந்து, தடுப்பூசி, தேர்தல், மதம், சாதி, விபத்து, கலவரம், யாருடைய சாவும்: இவற்றின் பக்கமே போகாதீர்கள். அங்கே ஏற்கெனவே நிஜ வதந்திகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. உங்கள் கேலி அந்தக் கூட்டத்தில் கலந்தால் எது எது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். உயிரோடிருக்கும் தனி மனிதரையும் வில்லனாக்காதீர்கள்.

மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்டால், சுற்றிப் பாருங்கள். ஜோடியில் ஒன்று மட்டும் காணாமல் போகும் சாக்ஸ், பகலில் எட்டிப் பார்க்கும் நிலா, எப்போதும் பக்கத்து வரிசையே வேகமாக நகர்வது. எல்லாருக்கும் தெரிந்த, யாரும் விளக்கம் கேட்காத சின்ன எரிச்சல்கள்தான் நல்ல விளைநிலம். இந்தக் கட்டுரைக்காக நான் குடையை எடுத்துக்கொள்கிறேன்.

கோட்பாடு ஒரே வாக்கியத்தில் அடங்க வேண்டும். இரண்டாவது வாக்கியம் தேவைப்பட்டால் இன்னும் பழுக்கவில்லை என்று அர்த்தம். என்னுடையது: நீங்கள் குடையைத் தொலைப்பதில்லை, குடைதான் உங்களைத் தொலைக்கிறது.

'அவர்கள்' வேண்டும், ஆனால் பெயர் வேண்டாம்

சதி என்றால் சதிகாரர் வேண்டும். ஹெல்ட் செய்ததையே செய்யுங்கள். பெயர் வைத்த உடனே ஒரு நிஜக் கூட்டத்தின் மேல் கை நீளும். அது கேலியும் இல்லை, நியாயமும் இல்லை. உலகத்தில் ஓடும் நிஜச் சதிக்கதைகளில் பாதி ஏதோ ஓர் இனத்தையோ மதத்தையோ குறிவைத்தவை, அந்த வாடை நம் பக்கம் அடிக்கவே கூடாது. 'அவர்கள்' என்று விட்டுவிட்டால் படிப்பவர் தானே ஓர் உருவத்தைக் கற்பனை செய்துகொள்வார், அது நீங்கள் எழுதுவதைவிட நன்றாகவே இருக்கும்.

அவர்களுக்கு ஒரு நோக்கம் கொடுங்கள். செலவுக்கும் பலனுக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. 1,200 கோடி ட்ரோன் செய்வது எதற்கு? உங்கள் கார் எங்கே போகிறது என்று பார்க்க. குடை விஷயத்தில் அவர்களின் நோக்கம், உலகத்தில் உள்ள குடைகளின் எண்ணிக்கை கூடாமலும் குறையாமலும் பார்த்துக்கொள்வது. ஏன்? அதைக் கேட்கக் கூடாது என்றுதான் அவர்கள் விரும்புகிறார்கள்.

சாட்சியம்

இதுதான் சமையலறை. மற்ற படிகளில் தப்பு செய்தாலும் சமாளிக்கலாம், இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சதிக்கோட்பாட்டுக்காரர்கள் சாட்சியம் இல்லாமல் பேசுவதில்லை. சொல்லப்போனால் அவர்களிடம் சாட்சியம் கொட்டிக் கிடக்கும். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில்தான் அவர்களுடைய கைத்திறன். அந்த முடிச்சில் பல வகை உண்டு, எனக்குப் பிடித்தவற்றைச் சொல்கிறேன்.

எண் முடிச்சு. பெரும்பாலான குடைகளுக்கு எட்டுக் கம்பி. சிலந்திக்கு எட்டுக் கால். யோசியுங்கள். அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கினால் கெட்டுவிடும். 'யோசியுங்கள்' என்ற சொல்லே விளக்கத்தின் வேலையைச் செய்துவிடுகிறது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த முடிச்சு. இரண்டு விஷயம் அடுத்தடுத்து நடந்தால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்வது. 2005இல் பாபி ஹெண்டர்சன் என்ற அமெரிக்க இளைஞர், பள்ளி அறிவியல் பாடத்தில் எதைச் சேர்க்கலாம் என்ற சர்ச்சையில் கன்சாஸ் மாநிலக் கல்வி வாரியத்துக்கு ஒரு கேலிக் கடிதம் எழுதினார். அதில் ஒரு வரைபடம் இருந்தது. சில நூற்றாண்டுகளாகக் கடற்கொள்ளையர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், பூமியின் வெப்பநிலை கூடிக்கொண்டே போகிறது. ஆகவே புவி வெப்பமாவதற்குக் காரணம் கடற்கொள்ளையர் தட்டுப்பாடு. டைலர் விஜன் என்பவர் 2014இல் இப்படிப்பட்ட பொருத்தங்களை நிஜப் புள்ளிவிவரங்களிலிருந்தே திரட்டி வெளியிட்டார். நடிகர் நிக்கோலஸ் கேஜ் ஒரு வருடத்தில் எத்தனை படத்தில் நடித்தார் என்ற கோடும், அமெரிக்காவில் அந்த வருடம் நீச்சல் குளத்தில் மூழ்கியவர்கள் எத்தனை பேர் என்ற கோடும் 1999 முதல் 2009 வரை ஏறக்குறைய ஒட்டியே போகின்றன. குடைக்கு இது கைமேல் கிடைக்கிறது. நீங்கள் குடை எடுத்துப்போகாத நாளில்தான் மழை பெய்கிறது. மழைக்குத் தகவல் சொன்னது யார்?

உண்மை முடிச்சு. இது உயர்ந்த ரகம். ஒரு பொய்கூடச் சொல்லாமல் பயமுறுத்துவது. 'டைஹைட்ரஜன் மோனாக்சைடு' என்றொரு பொருள். மூச்சில் உள்ளே போனால் உயிர் போகலாம். அமில மழையின் முக்கியப் பகுதி அதுதான். ஆவியானால் உடம்பைப் பொசுக்கும். புற்றுநோய்க் கட்டிகளில் காணப்படுகிறது. எல்லாம் சத்தியம், அது வெறும் தண்ணீர். 1997இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 14 வயது மாணவர் ஒருவர் இதைச் சொல்லி, தடை செய்யலாமா என்று 50 மாணவர்களிடம் கேட்டபோது, 43 பேர் தடை செய்ய வேண்டும் என்றார்கள். 2004இல் கலிஃபோர்னியாவின் அலிசோ வியேஹோ நகர மன்றம், தெர்மாகோல் கோப்பை தயாரிப்பில் இந்தப் பொருள் சேர்வதால் கோப்பையைத் தடை செய்யலாமா என்று விவாதிக்கும் வரை போய், கடைசி நேரத்தில் விழித்துக்கொண்டது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு என்பார்கள். இங்கே வடிந்தது நெய்கூட இல்லை, தண்ணீர்.

நிஜ ஆய்வு முடிச்சு. தேடினால் உங்களுக்கு உதவ எங்காவது ஒரு நிஜ ஆய்வு இருக்கும். 2005இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில், மெல்பர்ன் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றைச் சேர்ந்தவர்கள் தங்கள் அலுவலகத் தேக்கரண்டிகள் எங்கே போகின்றன என்று பார்த்து எழுதியிருக்கிறார்கள். 70 கரண்டிகளில் ரகசியமாக எண் பொறித்து அங்கங்கே வைத்தார்கள். ஐந்து மாதத்தில் 56 காணோம். அவர்கள் எழுதியதும் பாதி விளையாட்டாகத்தான், ஆனால் கரண்டி போனது நிஜம். கண்காணிப்பில் இருந்த கரண்டிக்கே இந்தக் கதி என்றால், கண்காணிப்பே இல்லாத குடைக்கு?

ஒரு சாட்சியத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது வேகம் கூட வேண்டும், முந்தையதை முடிக்காமலேயே தாவ வேண்டும். நிஜச் சதிக்கோட்பாட்டுக்காரரிடம் பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒன்றை நாம் மறுக்க வாயெடுப்பதற்குள் அவர் மூன்றாவதில் இருப்பார். ஆனால் பத்து சாட்சியம் எழுதினால் அதில் ஏழு சாட்சியத்தை வெட்டுங்கள். பீலஃபெல்டுக்கு மூன்று கேள்வி போதுமானதாக இருந்தது.

குடைக்கான என் மூன்று கேள்விகள் இவை. நீங்கள் இதுவரை எத்தனை குடை வாங்கியிருக்கிறீர்கள்? எத்தனை தொலைத்திருக்கிறீர்கள்? இரண்டாவது எண் எப்படிப் பெரியதாக இருக்க முடியும்?

மறுப்பவருக்கு ஒரு நாற்காலி

'எனக்குக் குடை தொலைந்ததே இல்லை' என்று ஒருவர் வருவார். அவரைத் திட்டக் கூடாது, தோற்கடிக்கவும் கூடாது. அவர் சொன்னதையே உங்கள் பக்கச் சாட்சியமாக்கிக்கொள்ளுங்கள். 'தொலையவே இல்லையா? அப்படியானால் உங்கள் மேல் அவர்களுக்கு நம்பிக்கை அதிகம்.' இதுதான் இந்தக் கலையின் சுழி. ஆதாரம் இருந்தால் கோட்பாடு சரி. ஆதாரம் இல்லாவிட்டால் மறைத்துவிட்டார்கள், அதனாலும் சரி. எதிர் ஆதாரம் வந்தால் திட்டமிட்டு அனுப்பியிருக்கிறார்கள், அதனால் ரொம்பச் சரி. எந்தப் பக்கம் போட்டாலும் தலையே விழும் காசு. நிஜச் சதிக்கோட்பாடுகள் இந்தக் காசைச் சட்டைப் பையில் மறைத்து வைத்திருக்கின்றன, நாம் அதை வெளியே எடுத்துச் சுண்டிக் காட்டுகிறோம். இந்த இடம் இல்லாத பகடி வெறும் கற்பனைக் கதையாக நின்றுவிடும்.

முகம்

எழுத்தில் சிரிக்காதீர்கள். சிரிக்கும் பொம்மை வேண்டாம், 'ஹாஹா' வேண்டாம், ஆச்சரியக்குறி மூன்று வேண்டாம். நிஜமாகவே பயந்துபோன, கொஞ்சம் தூக்கம் கெட்ட, ஆனால் மரியாதை தெரிந்த ஒருவர் எழுதுவது போல எழுதுங்கள். 'நான் யாரையும் நம்பச் சொல்லவில்லை, கேள்விதான் கேட்கிறேன்' என்பது இந்த மனிதர் கட்டாயம் சொல்லும் வசனம். தேதி, நேரம், எடை எல்லாம் துல்லியமாக வரட்டும். முக்கியமான இடத்தில் மட்டும் மங்கலாகிவிடட்டும்.

இதோ குடைக் கோட்பாட்டின் ஒரு துண்டு, தொனிக்காக:

'செவ்வாய்க்கிழமை மாலை 6.40. குடையை நாற்காலியின் வலது கைப்பிடியில் மாட்டினேன். 6.55க்கு எழுந்தேன். கைகள் வெறுமையாக இருந்தன, மனம் லேசாக இருந்தது. அந்த லேசான மனம் எனக்குச் சொந்தமானதில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஏன் எல்லாக் குடையும் கறுப்பு? "இது என்னுடையது" என்று யாரும் நிரூபித்துவிடக் கூடாது என்பதற்காகவா? நான் கேள்விதான் கேட்கிறேன்.'

குரல் ஓரளவு கைக்கு வந்துவிட்டால் இப்படி இருக்கும். நானே பத்து தடவை திருத்தியதுதான்.

திரும்பி வரும் வழி

இந்தப் பகுதியை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் நீட்டியே எழுதுகிறேன். 2005இல் நேதன் போ என்பவர் இணைய விவாதம் ஒன்றில் ஒரு வரி எழுதினார், அது பிறகு 'போ விதி' என்று பெயர் பெற்றது. கேலி என்பதற்கு வெளிப்படையான ஓர் அடையாளம் இல்லாவிட்டால், தீவிரவாதக் கருத்தின் பகடியை யாராவது நிஜம் என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்க மாட்டார்கள் என்பது அதன் சாரம். முகத்தில் சிரிப்பு இருக்கக் கூடாது என்று மேலே சொல்லிவிட்டு இப்போது அடையாளம் வேண்டும் என்கிறேனே என்றால், அதனால்தான் பொய் பெரியதாக இருக்க வேண்டும் என்றேன். அடையாளம் தொனியில் வேண்டாம், பொருளில் இருக்கட்டும்.

இல்லாவிட்டால் என்ன ஆகும்? லியோ டாக்சில் என்ற பிரெஞ்சுக்காரரைப் பாருங்கள். திருச்சபையைக் கிண்டலடித்து எழுதிக்கொண்டிருந்தவர், 1885இல் மனம் திருந்திவிட்டதாக அறிவித்து, ரகசியச் சடங்குகளுக்குப் பெயர்போன ஃப்ரீமேசன் என்ற சங்கத்தினர் சாத்தானை வழிபடுவதாகக் கண் காது மூக்கு வைத்து எழுதத் தொடங்கினார். அவர் தரப்பில் வந்த கதை ஒன்றில் பேய் முதலை வடிவில் வந்து பியானோ வாசித்தது. அதையும் நம்பினார்கள். போப் பதின்மூன்றாம் லியோ அவரைச் சந்திக்க அனுமதித்தார். 1897 ஏப்ரல் 19ஆம் தேதி பாரிஸில் புவியியல் சங்க மண்டபத்தில் கூட்டம் கூட்டி, 12 வருடமும் நான் விட்ட கயிறுதான் என்று டாக்சிலே சொன்னார். கூட்டம் கொதித்தது, காவலர் துணையோடுதான் வெளியேறினார். அவர் கட்டிவிட்ட கதைகளை ஃப்ரீமேசன்களுக்கு எதிரான ஆதாரமாக அதற்குப் பிறகும் மேற்கோள் காட்டினார்கள். காரணம் எளிது. பொய் எங்கே நடந்ததாகச் சொன்னார்? மூடிய கதவுக்குப் பின்னால். ஜன்னலைத் திறந்து பார்க்க முடியாத இடம்.

லெனர்ட் லெவின் கதை இன்னும் வேடிக்கை. 1967இல், அமைதி வந்துவிட்டால் அமெரிக்காவுக்கு எத்தனை கஷ்டம் என்று அரசுக் குழு ஒன்று ரகசியமாக ஆராய்ந்தது போல ஒரு போலி அறிக்கை எழுதினார். அரசு வல்லுநர்களின் வறண்ட நடையைக் கேலி செய்வதுதான் நோக்கம். நடையை அவ்வளவு கச்சிதமாகப் பிடித்ததால் கேலி காணாமல் போயிற்று. 1972இல் தான்தான் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டார். பிற்பாடு தீவிர வலதுசாரிகள் சிலர் அது நிஜ அரசு ஆவணம், ஆகவே அதற்குப் பதிப்புரிமை கிடையாது என்று அச்சிட்டு விற்க ஆரம்பிக்க, மனிதர் வழக்குப் போட்டு அது தன் கற்பனை என்று சாதிக்க வேண்டியதாயிற்று.

பிரிட்டனில் ஆங்கிலியா தொலைக்காட்சி, செவ்வாய்க் கிரகத்துக்கு ரகசியமாக விஞ்ஞானிகளைக் கடத்துவதாக ஒரு போலி ஆவணப்படம் எடுத்தது. ஏப்ரல் 1க்கு என்று எடுத்தது 1977 ஜூன் 20இல்தான் ஒளிபரப்பானது. கடைசியில் நடிகர்களின் பெயர்ப் பட்டியல் ஓடியது. இருந்தும் நம்பியவர்கள் நம்பினார்கள். தேதி என்பதும் ஓர் அடையாளம்தான், அது கழன்று விழுந்துவிட்டது.

ஒரு கதை எனக்குச் சிரிப்பை நிறுத்திவிடும். கெர்ரி தார்ன்லியும் நண்பர்களும் 1960களில், 1776இல் பவேரியாவில் தொடங்கிப் பத்து வருடத்துக்குள் தடை செய்யப்பட்ட இல்லுமினாட்டி என்ற பழைய சங்கம் இன்னும் உலகை ஆட்டிவைப்பதாகக் கேலிக் கதைகள் பரப்பினார்கள். இன்று அந்தப் பெயர் இணையம் முழுக்க ஓடுவதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. தார்ன்லி கடற்படைக் காலாட்படையில் லீ ஹார்வி ஆஸ்வால்டோடு, அதாவது அமெரிக்க அதிபர் கென்னடியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவரோடு, பணியாற்றியவர். கென்னடி கொலை விசாரணை அவர் பக்கமும் வந்தது. பிற்காலத்தில், தன்னை அறியாமல் தானே அந்தக் கொலைச் சதியில் பயன்படுத்தப்பட்டதாக தார்ன்லி நிஜமாகவே நம்பத் தொடங்கினார்.

ஆகவே செய்ய வேண்டியவை: எழுதியது யார் என்று உங்கள் பெயரில் வெளியிடுங்கள். துண்டாக வெட்டிப் பகிர்ந்தாலும் அபத்தம் தெரியும்படி ஒவ்வொரு பத்தியிலும் ஒரு முதலையாவது பியானோ வாசிக்கட்டும், ஆனால் சம்பவம் திறந்த வெளியில் நடக்கட்டும். போலி அரசு முத்திரை, போலிச் செய்தித்தாள் பக்கம், நிஜ மனிதர் சொன்னதாகப் போலி வீடியோ எதுவும் வேண்டாம். அவை சிரிப்பைக் கூட்டுவதில்லை, ஏமாற்றத்தை மட்டும் கூட்டுகின்றன. யாராவது நேராக 'இது நிஜமா?' என்று கேட்டால், முதல் முறை பாத்திரத்திலிருந்தே பதில் சொல்லலாம். இரண்டாம் முறையும் கேட்டால் அவர் விளையாடவில்லை. வேடத்தைக் கழற்றி, தனியாக, மரியாதையாக, இல்லை என்று சொல்லிவிடுங்கள். பெரியம்மாவாக இருந்தால் முதல் முறையிலேயே.

வெளியிட்ட பிறகு

நன்றாக எழுதிய பகடிச் சதிக்கோட்பாடு உங்கள் கையில் நிற்காது. படித்தவர்கள் ஆளுக்கொரு சாட்சியம் கொண்டுவந்து கொட்டுவார்கள். உங்களுடையதைவிட நன்றாகவும் இருக்கும், பொறாமைப்படாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். யாராவது அதை ஒரு நிஜக் கூட்டத்தின் பக்கம் திருப்பினால் மட்டும் உடனே நிறுத்துங்கள். கோட்பாட்டை இழுத்துக்கொண்டே போகவும் வேண்டாம், குடையைப் பற்றி மூன்றாவது கட்டுரை யாருக்கும் தேவையில்லை.

இரண்டாவது எழுதியதற்குக் காரணம் முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பிய செய்திதான். அவர் வாழ்நாளில் ஒரே ஒரு குடைதான் வாங்கினாராம், அது எப்போதோ போய்விட்டதாம். ஆனால் கதவுக்குப் பின்னால் எண்ணிப் பார்த்தால் நான்கு குடை இருக்கிறதாம், ஒன்றும் அவருடையது இல்லையாம், என்ன செய்வது என்று கேட்டிருந்தார். உங்கள் வீடு கிளை அலுவலகம், கதவை மட்டும் பூட்டிவிடாதீர்கள் என்று பதில் எழுதினேன். மறுநாள் அவரிடமிருந்து இன்னொரு செய்தி: 'இப்போது மூன்றுதான் இருக்கிறது.'